பிழைத்த மீனும் போன மீனும்

மீன் நிலைதடுமாறிப் புரளும் நொடியில் உங்கள் கையில் பேனா இருக்கக் கூடாது, வலை இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான். ஒரு மீன் எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்க்கத் தொட்டி நீரை மெல்ல மெல்லச் சூடாக்குவோம். ஒரு கட்டத்தில் அது ஒருக்களித்துச் சாயும். சாய்ந்த உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். வேலைக்கு வந்த புதிதில் நான் முதலில் நேரத்தை எழுதினேன், பிறகு வலையை எடுத்தேன். அதற்குள் ஒரு மடவை செத்துவிட்டது. எங்கள் பிரிவுத் தலைவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திட்டவில்லை. எழுதுவதற்கு அப்படியென்ன அவசரம் என்று மட்டும் கேட்டார்.

அந்த அவசரம் என்னை விட்டுப் போகப் பல வருடங்கள் ஆயிற்று. மடவை செத்தது சின்ன விஷயம். பிறகு ஒருமுறை அவசரத்தில் நான் எழுதிய ஒற்றை வரி, கடல்நீர் உள்ளே ஏறும் எண்ணூர்க் கழியின் வடக்குக் கிளையை முழுவதுமாகக் கெடுத்திருக்கும். ஓய்வு பெற்றவள் என்பதால் என் வெற்றிகளைக் கேட்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் ஆய்வுக்கூடம் ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நானும் ராயபுரத்துப் பெண்தான். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். மாதா கோயில் தெருவில் வளர்ந்தேன். எண்ணூர்க் கழியை ஒட்டியிருந்த ஓர் ஆலை, தன் இயந்திரங்களைக் குளிர்விக்கக் கழி நீரை எடுத்துச் சூடாகத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக இது நடந்துவந்தது. பெயர் வேண்டாம், அந்த ஆலை இப்போது இல்லை. அந்த வெந்நீரில் என்னென்ன மீன் இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

இரண்டு மீன்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று மடவை. இன்னொன்று செத்தக்கெண்டை. உள்ளங்கை அகலம், பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, பட்டைகளுக்கு இடையே முத்துப் பதித்தாற்போல் புள்ளிகள். கேரளத்துக்காரர்கள் கரிமீன் என்று வாழையிலையில் சுட்டுத் தருகிறார்களே, அதுதான். எண்ணூரில் பிடித்ததையும், வெந்நீர் கலக்காத பழவேற்காட்டு ஏரியில் பிடித்ததையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் வைத்துச் சூடேற்றிப் பார்த்தேன். பழவேற்காட்டு மீன்கள் சாய்ந்த பிறகும் எண்ணூர் மீன்கள் நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தன. மடவையும் அப்படி, செத்தக்கெண்டையும் அப்படி. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், அதே முடிவு.

அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? நம் வாழ்நாளுக்குள், நம் ஊர்ச் சாக்கடைக் கரையில், ஓர் உயிரினம் மாறியிருக்கிறது. அதை முதலில் பார்த்தவள் நான். தலைவர் வெளியூர் போயிருந்தார். மேலிடத்தில் இடைக்கால அறிக்கை கேட்டிருந்தார்கள். "எண்ணூர்க் கழியின் மீன்கள் வெந்நீருக்குத் தகவமைந்துவிட்டன" என்று எழுதி, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, கழிக்கரையில் இருக்கும் காத்திவாக்கத்தில் ஒரு கூட்டம். ஆலையை விரிவாக்க வேண்டும், இரண்டாவது வெந்நீர்க் குழாயைக் கழியின் வடக்குக் கிளையில் விட அனுமதி வேண்டும் என்று ஆலைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டியிருந்தார்கள். ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஆலையின் சார்பில் பேசியவர் மரியாதையானவர். குரலை உயர்த்தாமல் பேசினார். மீனவர்களின் பயம் நியாயமானதுதான், ஆனால் விஞ்ஞானம் வேறு சொல்கிறது என்று ஒரு காகிதத்தை எடுத்தார். என் வரியைப் படித்தார். அரசாங்க ஆய்வுக்கூடமே சொல்கிறது, மீன்கள் தகவமைந்துவிட்டன, இதோ எழுதிய அம்மாவே இங்கே இருக்கிறார் என்று என் பக்கம் கை காட்டினார். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். என் வயதுதான் இருக்கும், நாற்பதை ஒட்டி. கழியில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பெயர் தேசம்மாள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"மேடம், பொயச்ச மீன எண்ணிகினு வந்து எயுதிக்கிறீங்கோ. போன மீன எண்ணினீங்களா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலத்தான் கேட்டாள். வெந்நீர் விழும் இடத்தில் முன்பு என்னென்ன கைக்குக் கிடைக்கும் என்று விரல் விட்டுச் சொன்னாள். பால்கெண்டை, கீச்சான், உளுவையில் இரண்டு சாதி, நண்டு. சொல்லச் சொல்லச் சுவரோரம் இருந்த ஆண்கள் இன்னும் சில பெயர்களைச் சேர்த்தார்கள். அதெல்லாம் எங்கே பழகியது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்தை நடத்திய அதிகாரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, மீன்கள் தகவமைந்துவிட்டனவா இல்லையா, ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்றார்.

இப்படி ஒரு கணம் உங்களுக்கும் வரும். ஆமாம் என்றால் என் அறிக்கை நிற்கும், என் பெயர் நிற்கும். இல்லை என்றால் அதுவும் பொய், ஏனென்றால் தொட்டியில் நான் கண்டது உண்மை. செத்த மீன்களை நான் எண்ணவில்லை என்பது மட்டுமல்ல, உயிரோடிருந்த மீன்கள் ஏன் தாங்கின என்பதும் எனக்குத் தெரியாது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

"எனக்குத் தெரியாது, சார்," என்றேன். "அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது."

ஆலைக்காரர் முகத்தில் அதிர்ச்சியைவிட இரக்கம்தான் தெரிந்தது. அதிகாரி பேனாவை மூடினார். இறுதி அறிக்கை வரும்வரை அனுமதியை நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த நாள் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். என் வரியை ஒருமுறை படித்தார். எந்த மீன் என்று இதில் இல்லையே, எத்தனை தலைமுறை என்று இல்லையே என்றார். பிறகு, இதைத் திருத்த உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் அன்று கேட்ட அந்தக் கேள்விக்காக இன்றும் அவரை வணங்குகிறேன்.

எனக்கு வேண்டியது காலமும், கழியைத் தெரிந்த ஒருவரும்தான்.

தேசம்மாளைத் தேடிப் போனேன். கூட்டத்தில் என்னைச் சிக்கவைத்துவிட்டோமோ என்று அவளுக்குக் கொஞ்சம் சங்கடம் இருந்தது. நான் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளிடம் விளக்கினேன். சூட்டுக்கு ஒரு மீன் இரண்டு வகையில் ஈடுகொடுக்கலாம். வெயிலில் வேலை செய்து செய்து நம் உடம்பு தாங்கப் பழகுவது போல, ஒரே மீனின் உடம்புக்குள் சில நாட்களில் மாற்றம் வரலாம். குளிர்ந்த நீருக்குப் போனால் அது மறைந்துவிடும். இன்னொரு வகை வேறு. தாங்க முடியாதவை தலைமுறை தலைமுறையாகச் செத்து, தாங்கியவற்றின் பிள்ளைகள் மட்டும் மிஞ்சி, அந்தத் தெம்பு பிறப்பிலேயே வருவது. எது நடந்திருக்கிறது என்று அறிய, வெந்நீரையே பார்த்திராத பிள்ளைகள் வேண்டும். எண்ணூர்ச் செத்தக்கெண்டையை முட்டையோடு கொண்டுபோய் எங்கள் தொட்டியில் பொரிக்க வைக்க வேண்டும்.

அவள் யோசித்துவிட்டு, மடவைக்கு இது ஆகாது, அது கடலில் போய்த்தான் முட்டையிடும், குஞ்சுதான் கழிக்குள் வரும் என்றாள். நான் புத்தகத்தில் படித்ததை அவள் காலில் உரசும் குஞ்சுகளை வைத்துத் தெரிந்துவைத்திருந்தாள். செத்தக்கெண்டை அப்படியில்லை, இங்கேயே பிறந்து இங்கேயே சாவது என்று அவளே முடித்தாள்.

ஒரு காலை நேரம் இறங்கினோம். வெந்நீர் விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பழைய தோணித்துறையின் மரத்தூண்கள் நீருக்குள் நின்றன. என் கால் சூடு பொறுக்காமல் கூசியது. தேசம்மாள் இரண்டு கையையும் நீருக்குள் விட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, தூணடியைத் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்றாள். அடியில் கிடந்த ஓர் உடைந்த கூரை ஓட்டில் மணல் ஒட்டியதுபோல் முட்டைகள் இருப்பதாகச் சொன்னாள். அதே நேரம் ஏதோ அவள் கையை முட்டியது. தாயோ தகப்பனோ, இரண்டும்தான் மாறி மாறிக் காவல் காக்கும்.

"ஓடாது மேடம். முட்டைய வுட்டுட்டு எங்க போவும்?" என்றாள்.

ஓடாததால்தான் கையாலேயே இரண்டையும் பிடிக்க முடிந்தது. அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்தக் கூரை ஓட்டை நீருக்கு வெளியே எடுக்காமலே அகலமான அலுமினியப் பாத்திரத்துக்குள் சரித்து, ஜோடியையும் அதிலேயே விட்டு, ஜீப்பின் பின்னால் ஏற்றினோம்.

எர்ணாவூர் வந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று பாதையை அடைத்து நின்றுவிட்டது. வெயில் ஏறியது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. பாத்திரத்தில் இருந்த இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. காற்றடிக்கும் கருவியின் பேட்டரி அன்று பார்த்து இறங்கிப்போயிருந்தது. கிளம்பும் முன் அதை நான் சரிபார்க்கவில்லை.

தேசம்மாள் என் டம்ளரை வாங்கி, பாத்திரத்து நீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள். டீக்கடையில் ஆற்றுவதுபோல. காற்று நீரோடு இறங்க அதுதான் ஒரே வழி. அவள் கை வலித்தபோது நான் ஊற்றினேன். என் கை வலித்தபோது அவள். கேட் திறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் எப்போதோ, "இன்னா தேசம்மா, செத்துரும் போலக்கீதே" என்று என் தெருப் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். ஆபீசில் பத்து வருடமாக மறைத்துவைத்திருந்த பேச்சு. அவள் ஊற்றுவதை நிறுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு மேடம் போய் யக்கா ஆயிற்று.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த அந்த மீன்களில் ஒன்று, மேலே வந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு கீழே போகும். ஓட்டின் மேல் நின்று பக்கத்துடுப்புகளை அசைத்து முட்டைகளுக்கு நீரோட்டம் கொடுக்கும். தாங்க முடியாமல் அது மேலே வரும்போது மற்றது கீழே இறங்கும். கேட்டில் நின்றுபோன ஜீப்பில், சூடேறிய பாத்திரத்தில், நாங்கள் இரண்டு பெண்கள் மேலே முறை வைத்துச் செய்ததை அவை கீழே முறை வைத்துச் செய்துகொண்டிருந்தன. முப்பது வருடம் மீன்களோடு இருந்தவள் நான். அவ்வளவு மரியாதை எனக்கு எந்த உயிரின் மேலும் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

ஜோடி பிழைத்தது. முட்டைகளில் பெரும்பகுதியும் பொரிந்தது. அந்தப் பருவத்தில் இன்னும் சில ஜோடிகளை இப்படியே கொண்டுவந்தோம், பேட்டரியைப் பார்த்துவிட்டு. பழவேற்காட்டிலிருந்தும் கொண்டுவந்தோம். எல்லாக் குஞ்சுகளையும் ஒரே குளிர்ந்த நீரில் வளர்த்தோம்.

மடவையின் விடைதான் முதலில் வந்தது. எண்ணூர் மடவைகளைச் சில மாதம் சாதாரண நீரில் வைத்திருந்து மறுபடி சூடேற்றியபோது, பழவேற்காட்டு மடவைகளோடு சேர்ந்தே சாய்ந்தன. அவை பழகியிருந்தன, அவ்வளவுதான். கடலில் பிறந்து வரும் ஒவ்வொரு குஞ்சும் அந்த வெந்நீரை முதலிலிருந்து சமாளிக்க வேண்டும்.

செத்தக்கெண்டைக் குஞ்சுகளைச் சோதித்த அன்று தலைவரும் வந்து நின்றார். வெந்நீரைப் பார்த்தேயிராத எண்ணூர்ப் பிள்ளைகள், பழவேற்காட்டுப் பிள்ளைகள் சாய்ந்த பிறகும் நீந்தின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவசரப்பட்டு எழுதியது, இந்த ஒரு மீனைப் பொறுத்தவரை உண்மையாக இருந்தது. வலையை வைத்துவிட்டு ஓடிப்போய் அறிக்கை எழுத வேண்டும் போலிருந்தது.

தலைவர் ஒன்றுதான் கேட்டார். இந்த முட்டைகள் தாயின் வயிற்றில் உருவானபோது தாய் எந்த நீரில் இருந்தது?

வெந்நீரில். தாய் தன் நிலையை முட்டை வழியாகக் கொஞ்சம் கொடுத்திருக்கலாம். அது பரம்பரை மாற்றம் ஆகாது. இந்தக் குஞ்சுகள் வளர்ந்து, குளிர்ந்த நீரிலேயே முட்டையிட்டு, பேரப்பிள்ளைகள் வர வேண்டும். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

அந்த ஒரு வருடத்தில் எத்தனை தொலைபேசி அழைப்புகள்! ஆலையிலிருந்து கேட்டார்கள், எங்கள் மேலிடத்திலிருந்து கேட்டார்கள். இவ்வளவு தெரிந்தபிறகும் ஏன் இழுக்கிறீர்கள் என்றார்கள். காத்திவாக்கத்திலும் சிலருக்குப் பொறுமை போனது, விலைபோய்விட்டேன் என்றுகூடப் பேச்சு வந்தது. தேசம்மாள் அவர்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, பிறகு அந்தப் பேச்சு நின்றது. ஒவ்வொரு அழைப்புக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். தெரிந்ததும் எழுதுகிறேன்.

பேரப்பிள்ளைகள் வந்தன. வித்தியாசம் கொஞ்சம் குறைந்திருந்தது, தாய் கொடுத்த பங்கு அதுவாக இருக்கலாம். ஆனால் மிச்சம் அப்படியே நின்றது. அந்த மீன் உண்மையாகவே மாறியிருந்தது. இருபத்துச் சொச்சம் வருடத்தில், கல்லுக்கும் தூணுக்கும் காவல் நின்றுகொண்டே, வேறொரு மீனாக ஆகிக்கொண்டிருந்தது. அதோடு வேறொன்றையும் இம்முறை எண்ணியிருந்தோம். எண்ணூர் மீன் மெதுவாக வளர்ந்தது. ஒரு தடவைக்கு இடும் முட்டையும் குறைவு. சித்திரை வெயிலில் வெந்நீர் விழும் இடத்தின் சூட்டையும் அது சாய்ந்துவிழும் சூட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் கையளவு இடம்தான் மிச்சம் இருந்தது.

அறிக்கையின் வரியைத் தேசம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். செத்தக்கெண்டை வெந்நீருக்குப் பழகிவிட்டது என்று அவளுக்காக எளிதாக்கிச் சொன்னபோது தலையாட்டினாள், சம்மதமாக அல்ல.

"பயகிச்சின்னா அதுக்கு இஷ்டம்னு ஆவுது யக்கா. தாங்கிகினு கீதுன்னு எயுதுங்க."

அப்படியே எழுதினேன்.

இரண்டாவது கூட்டம் அதே மண்டபத்தில். அதே ஆலைக்காரர், வேறு அதிகாரி. தகவமைந்ததா இல்லையா என்று இவரும் கேட்டார். ஒரு சொல்லில் சொல்ல முடியாது, ஐந்து நிமிடம் வேண்டும் என்றேன். கொடுத்தார். ஒரு மீன் மாறியிருக்கிறது என்று சொன்னேன். தாங்காதவை எல்லாம் செத்ததால்தான் அது மாறியது என்றேன். காத்திவாக்கத்துப் பெண்கள் சொன்ன, இப்போது அங்கே இல்லாத மீன்களின் பட்டியலைப் பெயர் பெயராகப் படித்தேன். மாறிய மீனும் விளிம்பில்தான் நிற்கிறது, இன்னொரு குழாயின் சூட்டுக்கு மாற இன்னும் பல தலைமுறை வேண்டும், குழாய் அத்தனை காலம் காத்திருக்காது என்று முடித்தேன். ஆலைக்காரர் என் பழைய வரியை எடுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, அந்த மீன்களைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மறுவாரம் வந்து, தொட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆலை விரிவடைந்தது. அதைத் தடுத்தேன் என்று பெருமை பேச முடியாது. ஆனால் நீரைக் குளத்தில் ஆறவிட்ட பிறகே வெளியேற்ற வேண்டும், வடக்குக் கிளையில் விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. உங்கள் காலத்தில் உங்களிடமும் ஒரே சொல்லில் விடை கேட்பார்கள். ஐந்து நிமிடம் கேளுங்கள். தராவிட்டால், தெரிந்தது எது, தெரியாதது எது என்பதையாவது பிரித்துச் சொல்லுங்கள்.

உத்தரவின் நகல் வந்த அன்று காலையே நான் காத்திவாக்கம் போனேன். தேசம்மாள் கழியின் வடக்குக் கிளையில், இன்னும் நாலைந்து பெண்களோடு இடுப்பளவு நீரில் இருந்தாள். பிடித்த இறாலைப் போடும் ஓலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தாள். இரண்டு கையும் தண்ணீருக்குள். கரையிலிருந்து காகிதத்தை ஆட்டிக் காட்டி, ஆர்டர் வந்துவிட்டது என்று கத்தினேன். ஒரு கையை எடுத்துக் கயிற்றை வாயிலிருந்து விடுவித்தாள்.

"இந்தாண்ட வராதில்ல?"

"வராது."

கயிற்றை மறுபடி கடித்துக்கொண்டாள். கையை நீருக்குள் விட்டாள்.